பதினோராம் கேள்விக்கு நான் சொன்ன பதில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் பதினேழு மூக்குக்கண்ணாடி. அதில் ஒன்று விளிம்பு தெறித்துவிட்டது, வேறு லென்ஸ் எடுத்து முதலிலிருந்து அரைக்க வேண்டியதாயிற்று. முதலாளி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சாயங்காலம் வரை பெருமூச்சு விட்டே என்னைக் கொன்றிருப்பார்.

பதினோரு மணி இருக்கும், வாலு போன் செய்தாள். இருபத்தொன்பது வயது, ஒரு பிள்ளைக்குத் தாய், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உத்தியோகம். ஆனாலும் என் தங்கையை வாலு என்று எழுதத்தான் கை போகிறது.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"மெஷின்ல லென்ஸ் இருக்கு. சீக்கிரம் சொல்லு."

"கிளினிக்ல இருக்கேன். கர்ப்பத்தடைக்கு அந்த பேட்ச் ஒட்டிக்கப் போறேன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. பரீட்சை மாதிரி இருபது கேள்வி. பத்து வரைக்கும் நானே போட்டுட்டேன். பதினொண்ணு உன்னைத்தான் கேக்கணும். நம்ம குடும்பத்துல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சது உண்டான்னு கேக்கறாங்க."

"இல்லடி" என்றேன்.

ஒரு விநாடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று மறுபடியும் "இல்ல" என்றேன்.

"அம்மாவுக்கு மஞ்சக்காமாலைதானே? அதையும் எழுதணுமா?"

"வேணாம். அது வேற."

"தேங்க்ஸ்கா" என்று வைத்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை இந்த நோட்டிலாவது எழுதித் தொலைக்கிறேன்.

அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வரவே இல்லை. வாலு பிறந்து பன்னிரண்டாம் நாள் அம்மா போனாள். இடது கால் வீங்கியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அன்று காலை குளித்துவிட்டு வந்தவள், மூச்சு வாங்குகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அப்பாவிடம் சொன்னதை நான் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று கேட்டேன். "கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலை அடைச்சிடுச்சு." அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அர்த்தம் புரிவதற்கு முன்பே வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டது.

வாலுவுக்கு மூன்று வயது முடியப்போகும் சமயம். பழைய வீட்டு மாடிப்படியில் மேல்வீட்டு அம்மாள் வேறு யாருக்கோ அவளைக் காட்டி, "பொறந்ததும் தாயை முழுங்கினது இதுதான்" என்றாள். வாலு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா இரண்டு கையிலும் பைகளோடு படியில் அப்படியே நின்றார். அந்த மாதமே வீடு மாறினோம். புது இடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "இப்பத்தான், மஞ்சக்காமாலை" என்றார். அம்மாவுக்கு அப்பா மூன்று வருட ஆயுள் கூட்டிக் கொடுத்தார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு அதிகம் பேர் கிடையாது. இருந்த இரண்டு பேரையும் வீட்டுப் பக்கம் அண்ட விடவில்லை.

"அந்த வார்த்தை அவ காதுல விழவே கூடாது. உன் வாய்லேர்ந்தும் வரக்கூடாது" என்றார் என்னிடம். வரவில்லை. இருபத்தாறு வருடம் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாலு வந்திருந்தாள், மகள் பொடிசையும் தூக்கிக்கொண்டு. பொடிசு வந்ததும் அப்பாவின் ரேடியோ குமிழைப் பிடுங்க ஓடியது.

பேட்ச்சைக் காட்டினாள். இடது தோளில், சின்னப் பிளாஸ்திரி மாதிரி. வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரம் ஒட்ட வேண்டும், நாலாவது வாரம் லீவு. "மாத்திரைன்னா நாலு நாள் மறந்துட்டு அஞ்சாம் நாள் அஞ்சையும் சேத்து முழுங்கற ஆளு நான். இதுன்னா ஒட்டிட்டு என் வேலையைப் பாக்கலாம். ஒட்டினது குளிச்சாலும் போகாது, உன் கோபம் மாதிரி" என்றாள்.

பெட்டிக்குள் இருந்த தாளை வாங்கிப் படித்தேன். கண்ணாடிக் கடைக்காரிக்கே பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்து. தோல் சிவத்தல், மார்பு வலி, குமட்டல், தலைவலி, ரத்த அழுத்தம். அப்புறம் தடித்த எழுத்தில், ரத்தம் உறைதல். மாத்திரையைவிட இதில் உடம்புக்குள் போகும் ஹார்மோன் அதிகமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. புகை பிடிப்பவர்கள், முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள், உடம்பு கனத்தவர்கள் கவனம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ உறைதல் வந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவும்.

கட்டாயம். அந்த வார்த்தையைத் தாண்டிக் கண் போகவில்லை.

"என்னக்கா, நாளைக்குப் பரீட்சையா?" என்று தாளைப் பிடுங்கினாள். "பத்தாயிரம் பேர்ல ஏதோ கொஞ்சம் பேருக்குத்தான் வரும்னு நர்ஸ் சொன்னாங்க. என் ஸ்டூடண்ட்ஸ் பக்கத்துல நான் உக்கார்றதைவிட இது ஒண்ணும் ஆபத்தில்ல."

சிரித்தேன். சிரிக்க எனக்கு வாய் வந்தது பார்.

மார்ச் 15, சனி

அப்பாவிடம் பேசினேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரிடையர் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடுவதில்லை.

"அவகிட்ட சொல்லிடலாம்பா. கிளினிக்ல கேட்டிருக்காங்க."

"எதை?"

"அம்மா விஷயத்தை."

எண்ணெய்க் குப்பியை மூடினார். மெதுவாக, மரையெல்லாம் சரியாக விழும்படி. "சின்னக் குழந்தையோட இருக்கறவ. இந்த வயசுல போய், உன்னைப் பெத்ததாலதான் உங்கம்மா செத்தான்னு சொல்லப் போறியா? நான் போனப்பறம் என்ன வேணா சொல்லிக்கோ."

"பெத்ததாலன்னு நான் ஏன் சொல்லப் போறேன்?"

"தேதியைச் சொன்னா போதும்மா. அவளே கணக்குப் போட்டுப்பா."

நான் உள்ளே போய்விட்டேன். அப்பா தடுத்தார் என்று எழுத வருகிறது. அது பாதி உண்மை. அவர் தடுத்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது மீதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் மாதம் முடிந்தது. ஒட்டின இடமெல்லாம் சதுரம் சதுரமாகச் சிவந்திருக்கிறது. தோள், வயிறு, முதுகு என்று இடம் மாற்றி மாற்றி ஒட்டுகிறாள். "வீடு காலி பண்ணினப்பறம் சுவத்துல படம் மாட்டின தடம் இருக்கும்ல, அப்படி ஆயிட்டேன்" என்றாள். குமட்டுகிறதாம். மார்பு தொட்டால் வலிக்கிறதாம், பொடிசு மேலே விழுந்தால் உயிர் போகிறதாம். கிளினிக்கில் சொன்னதற்கு, இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும் என்றார்களாம்.

"இதை விட்டுட்டு வேற ஏதாவது பாரேன்" என்றேன்.

"ஏன்?"

"இல்ல, தோலெல்லாம் கெட்டுப்போகுதே."

தோலாம். எனக்கு நாக்கு எதற்கு இருக்கிறது?

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு பெரியவரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டி அனுப்பிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடை வாசல் படியிலேயே தடுமாறினார். முதலாளி பெருமூச்சு விடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் தப்பு.

கண்ணாடி என்றால் இரண்டு முறை அளந்து பார்க்கிறேன், ஊர் பேர் தெரியாதவர் விழுந்துவிடக் கூடாதே என்று.

மே 2, வெள்ளி

தலைவலி இல்லை, குமட்டல் நின்றுவிட்டது என்றாள் போனில். அப்பாடா. பழகிவிட்டது போல. இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மே 10, சனி

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

சாயங்காலம் வாலு வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். கொஞ்சம் நொண்டினாள். மூன்று நாளாக இடது கால் ஆடுசதையில் வலியாம். "புதுசா ஒரு ஸ்டூடண்ட் வந்திருக்காரு, பேங்க்ல பெரிய ஆபீசராம். கிளட்ச்சுன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு ஞாபகம் இருக்காது. அவருக்கும் சேத்து நான்தான் என் பக்கத்துக் கிளட்ச்சை மிதிக்கறேன். கால் போச்சு" என்று சொல்லிக்கொண்டே சோபாவில் சாய்ந்து காலை என் மடியில் போட்டாள். "கொஞ்சம் அமுக்கி விடேன்கா."

அமுக்கினேன். நாலைந்து முறை. அப்புறம் என் கை தானாக நின்றுவிட்டது. கால் சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி. தோல் விறைத்துப் பளபளத்தது. வலது காலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று, மெலிசாக, எப்போதும் போல இருந்தது.

இந்தக் காலை எனக்குத் தெரியும். அம்மா கால்.

இதை இந்த நோட்டில் கூட எழுதினதில்லை. அம்மாவும் கேட்டாள். "கொஞ்சம் அமுக்கி விடும்மா, உன் கை பட்டா இதமா இருக்கு" என்றாள். பதினோராம் நாள் சாயங்காலம். ரொம்ப நேரம் அமுக்கினேன், முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும், இரண்டு கட்டை விரலாலும் நல்லா அழுத்தி அழுத்தி. அம்மா அப்படியே தூங்கிட்டா. நான் கெட்டிக்காரின்னு நெனச்சேன். மறுநாள் காலைல கதவைப் புடிச்சிட்டு நின்னா. உறைஞ்சிருந்ததை நான்தான் தள்ளி விட்டேனா? நான்தானா?

அப்பாவுக்காகச் சொல்லாமல் இருந்தேன், வாலுவுக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்பதெல்லாம் சும்மா. அம்மா எப்படிச் செத்தாள் என்று ஆரம்பித்தால் என் கை வரைக்கும் வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போ" என்றேன் வாலுவிடம். "அந்த பேட்ச்சைப் பிச்சு எறி."

"பேட்ச் தோள்ல இருக்கு, வலி கால்ல இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எவன் இருப்பான்? திங்கள்கிழமை மூணு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். செவ்வாய்க்கிழமை போறேன்."

சரி என்றேன். சரி என்றேனே.

மே 13, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு டாக்டரிடம் போக என்னையும் கூட்டிக்கொள்ள வாலு வந்தாள். எங்கள் வீடு இரண்டாவது மாடி. படியேறி வந்தவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையில் கை ஊன்றிக்கொண்டு, "என்னன்னு தெரியலக்கா, மூச்சு வாங்குது" என்றாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவர் வாலுவைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ். அவசரப் பிரிவு. சின்ன வயசு டாக்டரம்மா, தலைமுடியைப் பேனா குத்திக் கொண்டை போட்டிருந்தாள். காலைப் பார்த்தாள், தோளில் பேட்ச்சைப் பார்த்தாள், அதை உடனே உரித்தெடுத்தாள். விரட்டுகிற மாதிரி கேள்வி கேட்டாள். எத்தனை மாசமா? புகை பழக்கம்? குடும்பத்துல யாருக்காவது இப்படி ரத்தம் உறைஞ்சிருக்கா?

"இல்ல டாக்டர்" என்றாள் வாலு, மூச்சுக்கு நடுவில். "ஃபாரத்துலயே... போட்டிருக்கேன்."

"இருக்கு" என்றேன் நான். "எங்கம்மாவுக்கு. இவ பொறந்து பன்னண்டாம் நாள். கால்லேர்ந்து நுரையீரலுக்குப் போச்சு. அதுலதான் செத்தாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு தகவல். வாலு முகத்தில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே இரண்டு கண் என்னையே பார்த்தது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டே போனாள்.

நுரையீரலில் இரண்டு இடத்தில் அடைப்பு. காலில் நீளமாக ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

மே 14, புதன்

மாப்பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பொடிசு அவர் தோளில் தூங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். "அக்கா, நீங்கதான் சமயத்துல சொன்னீங்களாம். டாக்டர் சொன்னாங்க. நீங்க இல்லன்னா..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூமி பிளக்கவில்லை. உட்கார்ந்தேன்.

மே 15, வியாழன்

டாக்டரம்மாவை வராந்தாவில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். தெரிந்திருந்தால் இந்த பேட்ச்சைக் கொடுத்திருப்பார்களா?

"அம்மாவுக்கு அந்த வயசுல வந்திருக்குன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க. ஹார்மோன் இல்லாத வேற வழி எத்தனையோ இருக்கே."

இன்னொன்றும் கேட்டேன். "வீங்கின காலை அமுக்கினா... அதனால அது நகருமா?"

"அமுக்கக் கூடாது. ஆனா அமுக்காமலே நகரும். யாருக்கு எதனால நகர்ந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு வேறு நோயாளிகள் இருப்பார்கள்.

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மே 17, சனி

பிழைத்துவிட்டாள். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வயிற்றில் தினம் இரண்டு ஊசி, அப்புறம் பல மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, அம்மா செத்த தேதி என்ன? நெஜத் தேதி" என்றாள் வாலு.

சொன்னார். வாலு விரல் விட்டு எண்ணினாள். "அதான் வருஷா வருஷம் என் பொறந்த நாள் முடிஞ்சு கொஞ்ச நாள்ல உங்களுக்கு ஜலதோஷம் புடிக்குமா? கதவைச் சாத்திட்டுப் படுத்துப்பீங்களே." அப்பா தலையை ஆட்டினார். எழுபது வயது மனுஷர், ஸ்கூல் பிள்ளை மாதிரி நின்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் செத்துப் போயிருந்தா பொடிசுகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க? மஞ்சக்காமாலைன்னா?"

நழுவிய போர்வையை அவள் காலில் இழுத்து விட்டேன்.

"எனக்கு அம்மா ஞாபகம் இருக்குக்கா. ஒரே ஒரு ஞாபகம். என்னை இடுப்புல வெச்சிட்டு ஜன்னல்கிட்ட நிக்கறா. நீலமா ஏதோ உடுத்தியிருக்கா. வெளியில போற வண்டிக்கெல்லாம் நான் டாட்டா காட்டறேன். அதை வெச்சிட்டுதான் இத்தனை வருஷம்... அதுவும் பொய்யா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் கிளம்பினோம்.

அந்த ஜன்னல் எனக்குத் தெரியும், பழைய வீட்டு முன்னறை ஜன்னல். நீலம் என் ஸ்கூல் யூனிஃபார்ம். அப்பா வேலையிலிருந்து வரும் வரைக்கும் உடுப்பு மாற்றக்கூட விடமாட்டாள், அழுவாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அம்மா என்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் நானே பிடுங்கிக்கொள்ளவா?

சொல்லவில்லை. மறுபடியும் சொல்லவில்லை. இது பொய்யில் சேர்த்தியா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

மே 29, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. மாப்பிள்ளைதான் நடுவில். "நீ மாத்திரை போட்டுட்டியான்னு அக்கா கேக்கறாங்க." "போட்டாச்சுன்னு சொல்லுங்க." ஒரே அறையில் மூன்று பேரும் இருக்கும்போதே இப்படி. பாவம் மனுஷர், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துச் சுளுக்கிக்கொள்வார்.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு போட்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். இனி யாராவது அவளுடைய காகிதத்தை எடுத்துப் பார்த்து மறுபடி ஹார்மோன் எதையாவது எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பதினோராம் பதிலைத் திருத்த வேண்டும் என்றேன். வேறொருவர் ஃபாரத்தைத் திருத்த விடமாட்டோம் என்றாள் நர்ஸ். நான் அழுததைப் பார்த்து ஃபைலை எடுத்து வந்து, "நீங்க சொன்னீங்கன்னு தனியா ஒரு சீட்டு எழுதிச் சேத்துடறேன்" என்றாள். எழுதுவதற்காக மேஜையில் விரித்தபோது கண்ணில் பட்டது.

பதினொன்று. 'இல்லை.' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், குண்டு குண்டு எழுத்தில், 'அக்காவைக் கேட்டாச்சு.'

வேறு எந்தப் பதிலுக்கும் பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அப்பா தனியாக பஸ் பிடித்து வாலு வீட்டுக்குப் போனார். அம்மாவின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு. நான்கு மணி நேரம் கழித்து வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அவ அம்மாவைப் பத்திக் கேட்டா. சொன்னேன்."

"எதைப் பத்தி?"

"எல்லாம். எனக்கே மறந்து போனதெல்லாம் வந்துச்சு" என்றார். அப்புறம் ஷூவைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளை போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. "அரை மணி நேர வேலைக்கா. இதுக்குப் போய் இவளை ஒரு வருஷமா ஒட்டிக்கோ முழுங்கிக்கோன்னு அலைய விட்டேனே" என்றார். காலை அகட்டி அகட்டி நடந்தார். வாலு பின்னாலேயே வந்து, "கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஜூலை 24, வியாழன்

பரம்பரைக்கான ரத்தப் பரிசோதனையில் வாலுவுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மை இருப்பது தெரிந்துவிட்டதாம். அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். நானும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பொடிசு பெரியவள் ஆனதும் அவளும்.

'ஆகஸ்ட் 4, ஒன்பது மணிக்கு ரெடியா இரு. நான் கூட்டிட்டுப் போறேன்.' வாலுவிடமிருந்து மெசேஜ். மாப்பிள்ளை போனிலிருந்து இல்லை, அவள் போனிலிருந்து.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பதுக்குச் சரியாகக் கீழே ஹாரன். இடது காலில் ஆஸ்பத்திரியில் போடச் சொன்ன இறுக்கமான நீளக் காலுறை. கிளட்ச் இல்லாத வண்டி, ஸ்கூலில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ரத்தம் எடுத்தார்கள், மூன்று குப்பி. வாலு என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

திரும்பும்போது நான்தான் ஆரம்பித்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவளைப் பார்த்தால் வராது என்று. அம்மா கேட்டதை, நான் அமுக்கியதை, கட்டை விரலை, அம்மா தூங்கியதை. மே பத்தாம் தேதி அவள் காலைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டதை, தெரிந்தும் செவ்வாய்க்கிழமைக்குச் சரி என்றதை. பதினோராம் கேள்விக்கு இல்லை என்றது அப்பாவுக்காக மட்டும் இல்லை என்பதை. எல்லாம் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம், பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள். வண்டியை நிறுத்தினாள். கடைசிப் பிள்ளை கடந்த பிறகும் அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஸ்கூல் யூனிஃபார்ம் என்ன கலரு?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பாகிட்ட உன் பழைய ஸ்கூல் போட்டோ ஒண்ணு வாங்கினேன், அது கருப்பு வெள்ளை. அதான் கேக்கறேன்."

"நீலம்."

தலையை ஆட்டினாள். ரொம்ப நாள் முன்பே கண்டுபிடித்துவிட்டவள் போல.

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினாலு, பதினஞ்சு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"ரொம்ப கனமா இருந்தேனாக்கா?"

"கனம்தான்" என்றேன். "ஒரு எடத்துல நிக்க மாட்டே. வழுக்கிட்டே இருப்பே. நான் ஏத்தி ஏத்தி வெச்சுப்பேன்."